பூச்சாண்டி யார் பக்கம்?

1844ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம். பிராங்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிஹ் ஹாஃப்மன், தன் மூன்று வயது மகனுக்குப் படப் புத்தகம் வாங்கக் கடைக்குப் போனார். மனத்துக்குப் பிடித்த ஒன்றும் கிடைக்காததால் வெற்று நோட்டு ஒன்றை வாங்கிவந்து, தானே கதை எழுதிப் படமும் வரைந்தார். மறு ஆண்டே அது அச்சேறியது. ‘ஸ்ட்ரூவல்பீட்டர்’ என்று இன்று உலகம் அறிந்திருக்கும் புத்தகம் அதுதான். அதில் கட்டைவிரல் சூப்பும் சிறுவனின் விரல்களை ஒரு தையல்காரர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார். தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி எரிந்து சாம்பலாகிறாள். சூப் குடிக்க மறுத்த பையன் ஐந்தாம் நாள் இறந்துபோகிறான்.

பிள்ளைமேல் அன்புகொண்ட ஒரு தந்தை செய்த புத்தகம் இது. அன்பு இருந்தும் அதிலுள்ள அச்சம் முழுக்கப் பெரியவர்களின் பக்கமே நிற்கிறது. விரல் சூப்பாதே, நெருப்பைத் தொடாதே, தட்டில் போட்டதைச் சாப்பிடு என்று வீட்டில் நாள்தோறும் ஒலிக்கும் கட்டளைகளுக்குக் காவலாள் வேலை பார்க்கிறது. சிறு குழந்தைகளுக்கான அச்சக் கதைகளில் எதை வாங்கலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று யோசிப்பவர்கள் பொதுவாகப் படத்தில் இருக்கும் பூதத்தின் பல்லையும் நகத்தையும் பார்த்து முடிவு செய்கிறோம். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கதையில் அச்சம் யார் பக்கம் நிற்கிறது? 1960 முதல் வந்த நல்ல படப் புத்தகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவை ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்குத் தன் வழியில் விடை சொல்லியிருப்பது தெரியும்.

பழைய கதைகள் மாறிய விதம்

அச்சத்தை எவ்வளவு கொடுக்கலாம் என்ற தயக்கம் பழையது. 1697இல் சார்ல் பெரோ வெளியிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் ஓநாய் அவளை விழுங்குவதோடு கதை முடிந்துவிடும். கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் உயிரோடு மீட்கிறார். 1812இல் முதல் தொகுதி வந்ததிலிருந்து 1857இல் ஏழாம் பதிப்பு வரும்வரை அந்தத் தொகுப்பு திருத்தப்பட்டுக்கொண்டே வந்தது. ஹான்ஸலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவரச் சொல்பவள் முதற்பதிப்பில் பெற்ற தாய். பிந்தைய பதிப்பில் மாற்றாந்தாய் ஆகிறாள். சூனியக்காரியும் அடுப்பும் அப்படியே இருக்கின்றன. பெற்றவளே கைவிடுவாள் என்ற எண்ணம் மட்டும் அகற்றப்பட்டது. பிள்ளைகளை ஆழமாகப் புண்படுத்தக்கூடியது பூதத்தைவிடக் கைவிடப்படுதல்தான் என்பதை அந்தத் திருத்தம் காட்டுகிறது. இன்றும் புத்தகம் தேர்ந்தெடுப்பவருக்கு உதவும் அளவுகோல் இது.

1963: திருப்புமுனை

மோரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ 1963இல் வந்தது. முழுப் புத்தகத்திலும் 338 சொற்கள்தான். ஓநாய் உடை போட்டுக்கொண்டு அட்டகாசம் செய்த மாக்ஸை, இரவுச் சாப்பாடு கொடுக்காமல் அம்மா அறைக்கு அனுப்பிவிடுகிறாள். அறையில் காடு முளைக்கிறது. அவன் படகேறிப் போய்ப் பூதங்களின் தீவை அடைகிறான். பல்லைக் கடித்து உறுமும் அந்தப் பூதங்களைக் கண்ணிமைக்காமல் உற்றுப் பார்த்தே அடக்கி, அவற்றின் அரசனாகிறான். பிறகு வீட்டு நினைப்பு வந்து திரும்புகிறான். அறையில் அவனுக்கான சாப்பாடு காத்திருக்கிறது.

இந்தப் புத்தகத்தின் கட்டுமானம் கவனிக்கத்தக்கது. முதல் பக்கத்தில் படம் சிறியது; சுற்றிலும் வெள்ளை இடம். மாக்ஸின் ஆத்திரம் வளர வளரப் படமும் வளர்கிறது. பூதங்களோடு ஆடும் மூன்று விரிபக்கங்களில் எழுத்தே கிடையாது. படம் தாளை முழுக்க நிரப்பிவிடுகிறது. வீடு திரும்பும்போது படம் மறுபடி அடங்குகிறது. அச்சம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குவதைப் படிக்கத் தெரியாத குழந்தையும் கண்ணால் உணர்ந்துகொள்கிறது.

வெளிவந்தபோது எதிர்ப்பும் இருந்தது. உளப்பகுப்பாய்வாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் ஓர் அமெரிக்கப் பெண்கள் இதழில் இதைக் குறைகூறினார். சாப்பாடில்லாமல் தாய் அனுப்பிவிடுவது குழந்தையை உலுக்கும் என்பது அவர் கவலை. தாய்மார் சொல்லக் கேட்டு எழுதினாரே தவிர, அவர் புத்தகத்தைப் பார்த்திருக்கவில்லை. அதே பெட்டல்ஹைம் 1976இல், தேவதைக் கதைகளின் இருட்டு குழந்தைகளுக்குத் தேவை என்று தனி நூலே எழுதினார். செண்டாக் புத்தகமோ 1964இல் கால்டிகாட் பதக்கம் பெற்று, இன்றுவரை பிள்ளைகளின் கைகளில் இருக்கிறது. இங்கே பூதம் அம்மா ஏவிவிட்டது அல்ல. மாக்ஸின் கோபத்திலிருந்து பிறந்தது. அதனால் அதை ஆளவும் அவனால் முடிகிறது. அச்சம் குழந்தையின் பக்கம் வந்து சேர்ந்தது இந்த இடத்தில்தான்.

பொய் என்று தெரிந்தும் ஏன் பயம்?

‘அது வெறும் கதைதானே’ என்று நாம் சமாதானம் சொல்வது சிறு குழந்தைகளிடம் ஏன் எடுபடுவதில்லை? உளவியலாளர் பால் ஹாரிஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஒரு காலிப் பெட்டிக்குள் பூதம் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அது கற்பனைதான் என்று குழந்தைகளுக்குத் தெரியும். இருந்தும் ஆய்வாளர் வெளியே போகக் கிளம்பியபோது, சில சிறு குழந்தைகள் போக வேண்டாம் என்றார்கள். அறிவு ஒன்று சொல்ல, கற்பனை வேறொன்று செய்கிறது.

ஜோன் கேன்டர் தொலைக்காட்சி அச்சத்தைப் பற்றிச் செய்த ஆய்வுகள் இன்னொரு வெளிச்சம் தருகின்றன. மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள் தோற்றத்தைக் கண்டே அஞ்சுகிறார்கள். நல்லவனான ‘ஹல்க்’ பச்சை உருவமாக மாறும் காட்சி, அவன் காப்பாற்ற வருகிறான் என்று புரிந்த பெரிய பிள்ளைகளைவிட இவர்களையே அதிகம் கலங்கடித்தது. ‘இது நிஜமில்லை’ என்ற விளக்கம் எட்டு, ஒன்பது வயதில் உதவும். ஐந்து வயதுக்குக் கீழே மடியும், அணைப்பும், பக்கத்தில் ஓர் ஆளும்தான் உதவும். ஆகவே, கதையின் கருத்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்த வயதுக்கான புத்தகத்தை எழுத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் புரட்டிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தை படிக்கப்போவது அவற்றைத்தான்.

நல்ல புத்தகங்கள் செய்யும் வேலை

மிகச் சிறியவர்களின் அச்சத்துக்குப் பூதமே தேவையில்லை. இருட்டும் பிரிவும் போதும். மார்ட்டின் வாடல் இந்த இரண்டையும் ஆழ்ந்து எழுதியவர். 1988இல் வந்த ‘கேன்ட் யூ ஸ்லீப், லிட்டில் பேர்?’ புத்தகத்தில் குட்டிக் கரடிக்கு இருட்டு பயம். பெரிய கரடி ஒன்றைவிட ஒன்று பெரிதாக விளக்குகளைக் கொண்டுவருகிறது, பயம் போகவில்லை. கடைசியில் குட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த இருட்டுக்குள்ளேயே போய் நிலவைக் காட்டுகிறது. குட்டி கையிலேயே தூங்கிவிடுகிறது. ‘பயப்படாதே’ என்று பெரிய கரடி அதட்டுவதில்லை. 1992இல் வந்த ‘அவுல் பேபிஸ்’ புத்தகத்தில் மூன்று ஆந்தைக் குஞ்சுகள் கண்விழித்துப் பார்க்க, அம்மாவைக் காணோம். கிளையில் ஒட்டி உட்கார்ந்து காத்திருக்கின்றன. அம்மா திரும்பி வருகிறாள். கதை அவ்வளவுதான். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது ஒரு காவியத்தின் அளவு பெரியது.

அடுத்த வகை, பக்கம் திருப்பும் அதிகாரத்தைக் குழந்தையிடம் கொடுப்பது. எட் எம்பர்லியின் ‘கோ அவே, பிக் கிரீன் மான்ஸ்டர்!’ (1992) வெட்டுத்தாள்களால் ஆனது. பக்கம் திருப்பத் திருப்பக் கண், மூக்கு, கூரிய பல் என்று பூதத்தின் முகம் உருவாகிறது. பாதியில் ‘போ’ என்ற கட்டளை தொடங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் உறுப்பு மறைகிறது. பூதத்தைச் செய்ததும் அழித்ததும் குழந்தையின் விரல். 1971இல் வந்த ‘த மான்ஸ்டர் அட் தி எண்ட் ஆஃப் திஸ் புக்’ இதே உத்தியைத் தலைகீழாக்குகிறது. பக்கத்தைத் திருப்பாதே என்று கதை சொல்லும் குரோவர் கெஞ்சுகிறது, கயிறு கட்டுகிறது, செங்கல் சுவர் எழுப்புகிறது. குழந்தை திருப்பிக்கொண்டே போகும். கடைசிப் பக்கத்தில் இருக்கும் பூதம் குரோவரேதான்.

மெர்சர் மேயர் 1968இல் எழுதிய கதையில், அலமாரிக்குள் இருந்த கெட்ட கனவு வெளியே வந்து அழத் தொடங்கிவிடுகிறது. சிறுவன் அதைத் தன் படுக்கையில் படுக்கவைக்கிறான். தூவ் யான்சன் 1960இல் எழுதிய படப் புத்தகத்தில் கூச்சம் மிகுந்த டாஃபிள், தன்னைவிட அதிகமாகப் பயந்திருக்கும் ஒருத்தியின் கடிதத்தைப் படித்த பிறகே, குளிரைப் பரப்பும் குரோக்கை எதிர்க்கத் துணிகிறான். இன்னொருவருக்குத் துணை நிற்கும்போது நம் பயம் சுருங்கும் என்பதை இந்த இரண்டு கதைகளும் உபதேசமின்றிச் சொல்கின்றன. ஜூலியா டொனால்ட்சனின் ‘த கிரஃபலோ’வில் (1999) சுண்டெலி தற்காப்புக்காகக் கற்பித்துச் சொன்ன பூதம் நிஜமாகவே எதிரே வந்து நிற்கிறது, எலி அதையும் மதியால் வெல்கிறது. புலியின் மிடுக்கை இரவல் வாங்கிய நரியைப் பற்றிய சீனக் கதை அதற்கு மூலம். லெமனி ஸ்னிக்கெட் எழுதி ஜான் கிளாசன் வரைந்த ‘த டார்க்’ (2013) இருட்டுக்கே குரல் கொடுக்கிறது. பயந்த லாஸ்லோவைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய், பல்பு இருக்கும் இழுப்பறையைக் காட்டுவது அந்த இருட்டுதான்.

ஜப்பான் இந்தத் துறையில் எல்லையைச் சோதித்துப் பார்த்த நாடு. செனா கெய்கோவின் ‘நெனைகோ தரேதா’ (1969) கிழித்து ஒட்டிய வண்ணத்தாள்களால் ஆன சிறு புத்தகம். இரவு ஒன்பது மணிக்கும் தூங்காத குழந்தை பேயாகி, பேயோடு பறந்துபோய்விடும். இது தண்டனைக் கதையா? அப்படியும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த வெண்ணிறப் பேயின் மென்மையான உருவமும் பறத்தலின் கவர்ச்சியும் குழந்தையை மறுபடி கேட்கவைக்கின்றன. வாசிப்பவரின் குரலே அதைத் தண்டனையாகவோ விளையாட்டாகவோ ஆக்குகிறது. மாறாக, கியோகொகு நட்சுஹிகோவின் ‘இரு நோ இனை நோ’ (2012) பழைய வீட்டின் உத்தரத்துக்கு மேலே, இருட்டில் தெரியும் ஒரு முகத்தைக் காட்டி, ஆறுதல் ஏதும் தராமல் முடிகிறது. சிறந்த கலைதான், ஆயினும் நான்கு வயதுக்கு உரியது அல்ல.

நம்மிடம் இருப்பது

பயமுறுத்தி விளையாடுவதற்குத் தமிழில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட சான்று உண்டு. பெரியாழ்வார் திருமொழியில் கண்ணன் அப்பூச்சி காட்டுவதைப் பாடும் பதிகம் இருக்கிறது. அங்கே பயமுறுத்துபவன் குழந்தை. பயந்து பின்வாங்குபவர்கள் பெரியவர்கள். சோற்றை ஊட்டப் பூச்சாண்டியைக் கூப்பிடும் நம் வழக்கம் அதற்கு நேர் எதிரானது. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ பல தலைமுறைகளுக்கு வேதாளத்தைக் கொடுத்தது. சுடுகாடு, தோளில் பிணம், இரவு என எல்லாம் அச்சம் தருபவை. ஆனால் வேதாளம் வாய் திறந்தால் கேட்பது ஒரு நியாயக் கேள்வி. பயம் அங்கே யோசனையாக மாறுகிறது. ஏழெட்டு வயதுக்கு அது இன்றும் அருமையான வாசிப்பு. அதற்கும் கீழே, மூன்றிலிருந்து ஆறு வயதுக்குத் தமிழிலேயே எழுதி வரையப்பட்ட மென்மையான அச்சக் கதைகள் இன்னும் நிறைய வர வேண்டும். நம் ஊர்க் கிணற்றடியும் புளியமரமும் மின்சாரம் போன இரவும் அவற்றுக்காகக் காத்திருக்கின்றன.

தேர்ந்தெடுக்கும்போது

முதலில் நீங்கள் தனியே படியுங்கள். கடைசி மூன்று பக்கங்களில் குழந்தைக்குத் திரும்பிவர ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்கலை அவிழ்ப்பது கதையிலுள்ள சிறியவரா, அல்லது அவருக்குத் துணைநிற்கும் பெரியவரா என்று கவனியுங்கள். நீங்கள் அன்றாடம் வலியுறுத்தும் ஒரு பழக்கத்தோடு பயத்தை முடிச்சுப் போடும் கதையைத் தவிர்த்துவிடுங்கள். முதல் வாசிப்பைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைக் குழந்தையே திருப்பட்டும். மறுபடி மறுபடி கேட்டால், அந்தப் பயத்தோடு அது பழகிக்கொண்டிருக்கிறது என்று பொருள், சலிக்காமல் படியுங்கள். வேண்டாமென்று தள்ளினால், எத்தனை விருது பெற்ற புத்தகமானாலும் மூடிவிடுங்கள். ஒரே வீட்டில் வளரும் இரண்டு பிள்ளைகளின் அளவுகூட ஒன்றாக இராது.

கடைசியாக ஒன்று. புத்தகத்தை மூடிய பிறகும் தேர்வு முடிவதில்லை. ‘சாப்பிடலேன்னா அந்தப் பூதம் வந்துடும்’ என்று மறுநாள் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். குழந்தை வென்றெடுத்த பூதத்தை அதனிடமிருந்து பறித்து நம் ஆளாக்கிக்கொள்கிறோம். எழுத்தாளரும் ஓவியரும் பாடுபட்டுக் குழந்தையின் பக்கம் கொண்டுவந்து நிறுத்திய அச்சத்தை அங்கேயே இருக்கவிடுவது, வாங்கிக் கொடுத்தவரின் பொறுப்பு.