சிரிப்பினுள் கிடந்த துயரம்

பி.பி.சி. 2008 முதல் 2012 வரை ஐந்து பருவங்களாக ஒளிபரப்பிய 'மெர்லின்' தொடரைப் பார்த்து முடிக்கையில், தொடக்கத்தில் நாம் கேட்ட சிரிப்பொலி எங்கே மறைந்தது என்ற வினா எழுகிறது.

மந்திரம் மரண தண்டனைக்குரிய குற்றமாக இருக்கும் காமலாட் அரசில், மந்திர ஆற்றலுடன் பிறந்த மெர்லின், இளவரசன் ஆர்தரின் பணியாளனாகிறான். மறைவில் அவன் உயிரைக் காப்பதும், அவனிடமே ஏச்சு வாங்குவதும் முதற்பருவங்களில் நகைச்சுவையாகின்றன. ஆனால் அந்நகைச்சுவைக்கு அடியில் இருப்பது நண்பனிடம் மறைத்த உண்மை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவே சுமையாகிறது. அரசனாகிவிட்ட ஆர்தர், இறுதிக் கதையில் மரணக் காயமுற்ற பின்னரே அவ்வுண்மையைக் கேட்கிறான். இத்துயரம் வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று. சிரிப்பினுள்ளேயே விதையாய்க் கிடந்தது.

மோர்கனாவின் மாற்றத்தில் இந்த நேர்மை இல்லை. தன் ஆற்றலைக் கண்டு தானே அஞ்சிய இரக்கமுள்ள பெண் அவள். காமலாட்டைக் காக்கும் பொருட்டு இரண்டாம் பருவத்தில் மெர்லினே அவளுக்கு நஞ்சூட்டுகிறான். பிழைத்து, ஓராண்டு கழித்து மூன்றாம் பருவத்தில் திரும்புகிறவள் முழு வஞ்சகியாக நிற்கிறாள். இடைப்பட்ட அந்த ஓராண்டு நமக்குக் காட்டப்படவில்லை. நல்லுள்ளம் ஒன்று எவ்வாறு கெட்டது என்பதையன்றோ நாம் அறிய விழைந்தோம்!

கதை இருள்வதை நாம் குறைகூறவில்லை. ஆனால், நெஞ்சம் இருளும் வழி திரைக்குப் பின்னே நிகழ்ந்துவிட்டால், தீயவரை வெறுக்க மட்டுமே கற்கிறோம். தீமைக்கு அஞ்சக் கற்பதில்லை.