கல்லடியிலிருந்து திருகோணமலைக்கு

திருகோணமலைக்குப் போவதைப் போலவே, அந்தப் பயணத்தைத் திட்டமிடுவதும் எனக்குப் பெரிய சந்தோஷம். ஏ-15 வீதியால் சுமார் 130 கிலோமீற்றர். வெயில் ஏறமுன் வெளிக்கிட வேண்டும். 1924இன் பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில், 2013இல் திறந்த புதுப் பாலத்தால் வாவியைக் கடந்தால் ஏறாவூர், செங்கலடி, ஓட்டமாவடி. தேத்தண்ணியும் பெற்றோலும் ஓட்டமாவடியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கடைகள் குறைவு.

வாகரைப் பக்கத்துக்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். பனிச்சங்கேணிப் பாலத்தில் இறங்கி நிற்காமல் போவது பெரிய இழப்பு: களப்பும் கடற்காற்றும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும். போர்க்காலத்தில் இந்த வழி அடைபட்டு, ஹபரணை சுற்றித்தான் திருகோணமலை போனோம். அதனாலோ என்னவோ, இந்தத் தார் வீதியின் ஒவ்வொரு வளைவும் எனக்கு அருமை.

வெருகலில் மகாவலியின் கிளையாறு, சித்திர வேலாயுதர் கோயில். பிறகு மூதூர். முன்பு படகுப் பாதைக்குக் காத்துக்கிடந்த கிண்ணியாவில், 2009 முதல் 396 மீற்றர் நீளப் பாலம். திரும்பும்போது வெளிச்சம் இருக்கவே வெருகலைத் தாண்டிவிடுங்கள். அந்தக் காட்டுப்பக்கம் யானைகள் நடமாடும்.