அமைதி அறைக்கு வெளியே

கோலாலம்பூரின் சன்வே புத்ரா பேரங்காடியில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று ஓர் அமைதி அறை உண்டு. கேஎல் அனைத்துலக விமான நிலையத்திலும் அத்தகைய அறை வந்துவிட்டது. சத்தத்தையும் வெளிச்சத்தையும் கூட்டத்தையும் தாங்க முடியாமல் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டால், வளர்ப்புச் சரியில்லை என்று பெற்றோரை முறைத்துப் பழகியவர்கள் நாம். கட்டடத்தின் பக்கமும் தவறு இருக்கலாம் என்பதை இந்த அறைகள் ஒப்புக்கொண்டுவிட்டன. இதைச் சிறிய மாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால், ஆட்டிசம், ஏடிஎச்டி போன்ற நரம்பியல் வேறுபாடு உடையோருக்கான வடிவமைப்பு நம் நாட்டில் பெரும்பாலும் ஓர் அறை என்ற அளவிலேயே நின்றுவிட்டது. தாப்பாவில் வளரும் பிள்ளைக்குக் கோலாலம்பூரின் அந்த அறை ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அந்தப் பிள்ளை புழங்கும் இடங்கள் தமிழ்ப்பள்ளி, சுகாதாரக் கிளினிக், கோயில், கல்யாண மண்டபம். இந்த வடிவமைப்பு முறையை எடைபோட வேண்டிய இடங்களும் இவைதான்.

எகிப்தியக் கட்டடக் கலைஞர் மக்தா முஸ்தஃபா இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். 2008இல் வெளியான அவரது ஆய்வு இரண்டு படிகளில் நடந்தது. கட்டடத்தின் எந்தக் கூறு பிள்ளைகளின் நடத்தையை அதிகம் பாதிக்கிறது என்று ஆசிரியர்களிடமும் பராமரிப்பாளர்களிடமும் முதலில் கேட்டார். ஒலி முதலிடத்தில் வந்தது. பிறகு பேச்சுப் பயிற்சி அறையொன்றின் ஒலித்தன்மையைச் சீராக்கியும், வகுப்பறையொன்றைச் செயலுக்கேற்பச் சிறு பகுதிகளாகப் பிரித்தும் பார்த்தார். பிள்ளைகளின் கவனம் நீடித்தது. இதிலிருந்து வளர்ந்த ஏழு நெறிகள்: ஒலி, இடங்களின் வரிசை, ஒதுங்கிடம், பகுதி பிரித்தல், இடைநிலை வெளி, புலனுக்கேற்ற மண்டலங்கள், பாதுகாப்பு. சிறு குழுக்களை வைத்து நடந்த ஆய்வு இது. இதை மட்டும் கொண்டு பெரிய முடிவுக்கு வர இயலாது. எனினும் ஒலியைப் பற்றிய அதன் முடிவு தனித்து நிற்கவில்லை. சாதாரண வகுப்பறையில் எதிரொலி 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தரநிலை. கேட்பதிலும் பேசுவதிலும் சிறப்புத் தேவை உள்ளவர்களின் வகுப்பறைக்கு 0.4 விநாடி என்று பிரிட்டன் இன்னும் இறுக்குகிறது. ஆக, ஏழு நெறிகளில் ஒதுங்கிடம் என்பது ஒன்றே ஒன்று. நாம் கொண்டுவந்தது அந்த ஒன்றைத்தான்; முதலிடம் பெற்ற ஒலியை விட்டுவிட்டோம்.

விட்டது ஏன் என்று கேட்டால், ஒலி கடினமானது. தித்திவங்சா மலையடிவாரத்தில் இருக்கும் தாப்பாவில் மதியத்துக்கு மேல் கனமழை கொட்டும்போது, தகரக் கூரைக்கு அடியில் நடக்கும் கூடுதல் வகுப்பு அப்படியே நின்றுபோகும். மற்றப் பிள்ளைகளுக்கு அது சலிப்பு. செவிப்புலன் கூர்மையான பிள்ளைக்கு அது வலி. மேலைநாட்டுத் தரநிலைகளைப் பார்த்தால் கதவும் சன்னலும் அடைத்த அறையே மனத்தில் தோன்றுகிறது. காற்றோட்டத்துக்காகப் பட்டைக்கண்ணாடிச் சன்னலைத் திறந்துவைத்திருக்கும் நமது வகுப்பறையில் உள்ளொலி வெளியேறிவிடுகிறது. அதே வழியில் சாலையின் லாரிச் சத்தமும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் உள்ளே வருகின்றன. சன்னலை அடைத்தால் குளிர்சாதனம் வேண்டும். அதன் இரைச்சல் தனி, மின்கட்டணம் தனி. எனவே இறக்குமதிக் கையேட்டை அப்படியே பின்பற்றினால் ஒரு தொல்லை போய் இன்னொன்று வரும். கூரைத் தகட்டுக்கு அடியில் காப்புப் படலம், அதற்குக் கீழே ஒலியை உறிஞ்சும் உட்கூரை, சாலையோரத்தில் சுவர், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி என்று நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற வழியில் யோசிப்பவர்கள் குறைவு. ரப்பரை ஊருக்கெல்லாம் வடித்துக்கொடுத்த தோட்டப்புறத்தில், பள்ளி நாற்காலி இன்னும் சிமெண்டுத் தரையில் கிறீச்சிடுவது வருத்தம் தருகிறது.

இடைநிலை வெளி விஷயத்தில் நமக்கு அந்நியப் பாடம் தேவையில்லை. வீட்டுத் திண்ணை, கடைவீதியின் ஐந்தடி நடைபாதை, கோயிலின் வெளிப்பிரகாரம் ஆகியவை வெளியிலிருந்து உள்ளே போகும் மனத்துக்குச் சற்று நேரம் கொடுக்கும் இடங்கள். கோயில் திருவிழாவில் உறுமி மேளத்தை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. மேளம் மங்கலாகக் கேட்கும் ஓரிடத்தில், ஒலிபெருக்கி பார்க்காத திசையில், ஒரு திண்ணை இருந்தால் குடும்பம் திருவிழாவை விட்டுப் பாதியில் வீடு திரும்ப நேராது. புதிய மண்டபங்களில் வாசலைத் தாண்டியவுடன் வழவழப்பான தரை, எதிரொலிக்கும் சுவர், கண்கூசும் விளக்கு. இடையில் எதுவும் இல்லை.

இந்த முறைக்கு எழும் மறுப்புகளில் வலுவானது ஒன்று: உலகம் சத்தமானது, பிள்ளையைப் பொத்தி வளர்த்தால் வெளியே தாங்காது. இதில் உண்மை இருக்கிறது. முஸ்தஃபாவே இந்த ஆபத்தை உணர்ந்து, முழு அமைதியிலிருந்து படிப்படியாகச் சாதாரண ஒலிக்குப் பிள்ளையை நகர்த்த வேண்டும் என்றார். ஆனால் இந்த மறுப்பு வெட்டுவது தனி அறையைத்தான். பொதுவாக அமைதியான கட்டடத்தை அல்ல. அறைக்கும் கூடத்துக்கும் இடையில் படிகளே இல்லாதபோது பிள்ளை எதில் ஏறிப் பழகும்? இன்னொரு மறுப்பு, ஒருவருக்கு ஆறுதலானது இன்னொருவருக்குத் தொல்லை என்பது. மங்கலான ஒளி ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு உதவலாம். பார்வை குறைந்தவருக்குத் தடை. தூண்டல் தேடும் ஏடிஎச்டி பிள்ளைக்கு வெறுமையான சுவரே துன்பம். இது இம்முறையின் மெய்யான குறை, எந்தக் கையேடும் இதை முழுதாகத் தீர்க்கவில்லை. விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்க முடிவதும், உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிவதும் பாதியைத் தீர்க்கும். மீதிக்கு அந்தந்தப் பிள்ளையைத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்; கட்டடம் அவருக்கு மாற்றாகாது.

நம் நாட்டுச் சட்டம் இதற்குப் பெரிய துணையாக இல்லை. கட்டடத் துணைச்சட்டத்தின் 34ஏ பிரிவு மாற்றுத்திறனாளிகள் கட்டடத்துக்குள் போய்வர வசதி கேட்கிறது. எம்எஸ் 1184:2014 என்ற மலேசியத் தரநிலையின் பெரும்பகுதி சாய்தளம், கைப்பிடி, கழிப்பறை அளவுகள் பற்றியது. பொது இடங்களைப் பயன்படுத்தும் உரிமையை 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தந்தது. மீறுவோருக்குத் தண்டனை வைக்காமலே அது இயற்றப்பட்டது. நடைமுறையில், சக்கர நாற்காலி உள்ளே வந்தால் கட்டடம் தேர்ச்சி பெற்றுவிடுகிறது. பிரிட்டன் 2022இல் வெளியிட்ட பிஏஎஸ் 6463 என்ற ஆவணம் ஒளி, ஒலி, தரைக்கோலம், வழிகாட்டுதல் என முழுக் கட்டடத்தையும் பேசுகிறது. அதுவும் வழிகாட்டிதான், கட்டாயமில்லை.

செலவு பற்றிய தயக்கம் நியாயமானது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்பவை, பகுதி உதவி மட்டுமே பெறுபவை, 150 மாணவர்களுக்குக் குறைவானவை. அங்கே சில பிள்ளைகளுக்காகத் தனி அறை கட்டச் சொல்வது பொருந்தாது. ஆனால் மழைச்சத்தம் குறைந்தால் ஆசிரியரின் தொண்டையும் பிழைக்கும், கடைசி வரிசைப் பிள்ளைக்கும் பாடம் கேட்கும். சிறிய பள்ளிக்கு ஒரு வசதியும் உண்டு: காலியாகிவிட்ட வகுப்பறைகள். அவற்றில் சாலைக்கு எட்ட இருப்பதைத் தேர்ந்து, கதவில் எழுத்தோடு படமும் ஒட்டி, பொருள்களை நிலையான இடத்தில் வைத்தால் ஏழு நெறிகளில் சில கைகூடும். கூரை மட்டும் காத்திருக்க வேண்டும். பழைய தகரத்தை மாற்றக் குத்தகையாளரிடம் விலை கேட்கும்போதே காப்புப் படலத்தையும் பட்டியலில் சேர்க்கும்படி பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கேட்க வேண்டும். புதுத் தகரம் ஏறிவிட்ட பிறகு அதைச் சேர்ப்பதற்குக் கூரையை மறுபடியும் பிரிக்க வேண்டியிருக்கும்.