தோழி செய்ததும் தோழன் செய்யாததும்

காதலை நோயென்று கூறிய மொழி நம்முடையது. தலைவியின் மேனியிற் பசலை படர்ந்தது, வளை கழன்றது, உணவும் உறக்கமும் ஒழிந்தன. இவற்றையெல்லாம் அகப்பாடல்கள் காமநோயின் குறிகளாகவே காட்டின. வள்ளுவரும் காமத்துப்பாலிற் காதலியையே நோயாகவும் அந்நோய்க்கு மருந்தாகவும் கண்டார். அழகிய உருவகம், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக நம் கவிதைக்கு உரமாக இருந்து வருவது. எனினும் ஓர் உருவகம் நெடுங்காலம் வழங்கிவிட்டால், அது சுட்டும் பொருள் மெய்யாகவே நம் முன் வந்து நிற்கும்போது அதனை அடையாளங் காணத் தவறிவிடுகின்றோம். பதினேழு வயதுப் பெண்ணொருத்தி உண்ணாமலும் உறங்காமலும் மெலிவாளாயின், காதல் என்று சிலர் சிரிப்பர், சிலர் சினப்பர். அவள் உண்மையிலேயே நோயுற்றிருக்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவளை நேசிக்கும் இளைஞனோ, தானே அவளுக்கு மருந்து என்று முழுமனத்தோடு நம்புகிறான். இந்நம்பிக்கையை அவனுக்கு ஊட்டியதில் நம் கலைகளுக்குள்ள பங்கு யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவை என்னுள் எழுப்பியது வகுப்பறையே. நான் உயர்தர வகுப்பிற்குத் தமிழ் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்த கெட்டிக்கார மாணவன் ஒருவன் ஒரு தவணைக்குள் மிகவும் பின்தங்கினான். பாடவேளையில் உறங்கினான். ஒருநாள் மேசையின் கீழ் அவன் மறைத்து வைத்திருந்த கைத்தொலைபேசியைப் பறித்து அலுவலகத்தில் ஒப்படைத்தேன். பாதுகாவலர் வந்தாலன்றித் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது விதி. மறுநாள் மாலை சைக்கிளில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சேர், போனைத் தராட்டிலும் பரவாயில்லை. அவவுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்ப விடுங்கோ. இரவிலை நான் கதைக்காட்டி அவ ஏதும் செய்துபோடுவா."

அயற் பாடசாலை மாணவி ஒருத்தி, எட்டு மாதங்களாக, வாழ விருப்பமில்லை என்று இவனிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் உறங்கும்வரை இவன் இரவுதோறும் விழித்திருந்தான். "ஆருக்காவது சொன்னனியோ?" என்று கேட்டேன். "சத்தியம் பண்ணிப்போட்டன், சேர்" என்றான். சற்று நேரம் கழித்து, "'மூண்டு' படத்திலை செந்திலும் ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே" என்று முடித்தான்.

எட்டு மாதங்களாக ஒருவன் சுமந்த பாரத்தை, மேசைக்கடியில் ஒளிரும் ஒரு விதிமீறலாகவே நான் கண்டிருந்தேன். அந்த வெட்கத்தை இங்கு மறைத்தல் முறையன்று. ஆனால் அவன் கடைசியாகச் சொன்ன வாக்கியம் இலக்கிய மாணவனாகிய என்னை வேறொரு வகையிலும் உறுத்தியது. நாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய திரைப்படத்திலிருந்து அவன் ஓர் அறநெறியைக் கற்றிருந்தான். அவ்வறநெறி சரியானதா என்று ஆராய்வது விமரிசகனின் கடமையாகிறது.

ஐஸ்வர்யா இயக்கி 2012இல் வெளிவந்த '3' என்னும் திரைப்படம், அதன் ஒரு பாட்டினால் உலகெங்கும் பேசப்பட்டது. அதன் கதை அவ்வளவு பேசப்படவில்லை. ராமும் ஜனனியும் பாடசாலைப் பருவத்திற் காதலித்து, எதிர்ப்புகளைக் கடந்து மணம் புரிகின்றனர். பின்னர் ராமை இருதுருவ மனநோய் பற்றுகின்றது. எல்லை மீறிய எழுச்சியும் அடியற்ற சோர்வும் மாறிமாறி வரும் நோய் அது. அவன் நண்பன் செந்தில் இதனை அறிகிறான், வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறான், உடனிருந்து காக்கிறான். ஆனால் ஜனனிக்குச் சொல்லக்கூடாது என்று ராம் அவனைக் கட்டுப்படுத்துகிறான். செந்திலும் வாய்திறவாதிருக்கிறான். முடிவில் ராம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். அதன் பின்னரே ஜனனி அனைத்தையும் அறிகிறாள்.

இப்படத்தின் சிறப்பை முதலிற் கூறிவிடுதல் நீதி. பேய், பிசாசு, செய்வினை என்று கதை கட்டாமல் நோய்க்கு நோயின் பெயரையே அது சூட்டியது. மருந்தையும் வைத்தியரையும் காட்டியது. மனநோயாளியை நகைப்புக்குரிய பாத்திரமாக்கிப் பழகிய திரையுலகில் இது சிறிய காரியமன்று.

ஆயினும் படத்தின் அமைப்பையே சற்று நோக்குக. முற்பாதி ஜனனியின் நினைவாக விரிகிறது. அங்கே காதல் உண்டு, நோய் இல்லை. பிற்பாதி செந்தில் கூற விரிகிறது. அங்கே நோய் உண்டு, ஜனனியோ அதனை அறியாள். காதலும் நோயும் ஒரே வீட்டில் வாழ்ந்தும் ஒன்றையொன்று முகங்கொண்டு பார்ப்பதில்லை. பள்ளிச் சீருடையில் தொடங்கி எல்லோரையும் எதிர்த்து நின்ற ஒருத்திக்கு, தன் கணவனின் நோயை எதிர்த்து நிற்கும் வாய்ப்பு மட்டும் மறுக்கப்படுகிறது. அவளைக் காப்பதற்காகவே மறைத்தார்களாம். காக்கப்பட்டவளுக்கு எஞ்சியது ஒரு சவமும், விடைகாணா வினாக்களுமே. இதனைப் படம் ஒரு தவறாகக் காணவில்லை. நட்பின் சிகரமாகவும் காதலின் தியாகமாகவும் கண்டு கண்ணீர் வடிக்கிறது. அக்கண்ணீரே என் மாணவனுக்குப் பாடமாயிற்று.

அம்மரணம் ஊழ்வினையுமன்று. லிதியம் உப்பு இந்நோயின் எழுச்சியைத் தணிப்பதை ஆஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் 1949இல் வெளியிட்டார்; இப்படம் வெளிவருவதற்கு 63 ஆண்டுகளுக்கு முன்னர். ஒழுங்காக மருந்துண்டு, வீட்டார் துணைநிற்க, தொழில் செய்து பிள்ளை வளர்த்து வாழும் இந்நோயாளர் பல்லாயிரவர். அவ்வாழ்க்கை திரைக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. கலைக்குச் சாவு வேண்டியிருந்தது. மறைப்பு அச்சாவுக்கு வழி சமைத்தது.

இவ்விடத்தில் நம் பழைய தோழி ஒருத்தியை நினைவுகூர்தல் பொருந்தும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளையுடையது. அதிலுள்ள பூக்களின் பெயர்களை மாணவர் மனப்பாடஞ் செய்வர். அப்பாட்டு எதற்காகப் பாடப்பட்டது என்பதை மறந்துவிடுவர். தலைவி மெலிகிறாள். தாயர் காரணம் அறியாது குறிகேட்கின்றனர்; தெய்வங்களுக்குப் பூசையிடுகின்றனர். பிற பாடல்களில் வேலன் வந்து வெறியாடுகிறான், ஆட்டுக்குட்டி பலியாகிறது. தோழி அறிவாள்: இதற்குப் பலி மருந்தன்று. ஆகவே செவிலியின் முன் நின்று, மறைத்து வைத்திருந்ததனைத் துணிந்து கூறுகிறாள். பாட்டு முழுவதும் அவள் பேச்சே. தலைவியின் உள்ளமறிந்து, அவளோடு நின்றே பேசுகிறாள், அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. இச்செயலுக்கு நம் இலக்கணகாரர் இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். எவ்வாறு சொல்லவேண்டும் என்பதற்குத் தொல்காப்பியம் ஏழு வழிகளையும் வகுத்திருக்கின்றது. மறைவை உரிய காலத்தில், உரியவரிடம், உரிய முறையில் வெளிப்படுத்துவதை நம் முன்னோர் துரோகமென்று கருதவில்லை. அதனை அறத்தின் பக்கம் நிற்பதென்றே கருதினர்.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 'இது நோயன்று, காதல்' என்பது குறிஞ்சிநிலத் தோழி வெளியிட்ட உண்மை. நம் காலத்துத் தோழனும் காதலனும் வெளியிட வேண்டியது இதன் மறுதலை: 'இது காதலன்று, நோய்.' உண்மை தலைகீழாயினும் கடமை மாறவில்லை. வேலனும் முற்றாக மறையவில்லை. என் மாணவன் நேசித்த பெண்ணின் கையில் அவளது வீட்டார் ஏற்கெனவே நூல் கட்டியிருந்தனர். அவளைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லலாம் என்று நாங்கள் கூறியபோது தாயிடமிருந்து முதலில் வந்த கேள்வி, "கிளினிக்குக்குக் கொண்டுபோனனாங்கள் எண்டு தெரிஞ்சால் நாளைக்கு இவளை ஆர் கட்டுவான்?" என்பதே. அத்தாயைக் கடிந்துகொள்வது எளிது. பெண்ணொருத்தியின் எதிர்காலம் முழுவதையும் கலியாணச் சந்தையில் அடகுவைத்திருக்கும் சமுதாயத்தில் அவளது அச்சம் அறியாமையினால் மட்டும் எழுந்ததன்று. அது கணக்குப் பார்த்து எழுந்த அச்சம். மறைப்பு தனிமனிதனின் பலவீனமாகத் தோன்றினும் அதன் வேர் சீதனத்திலும் சாதியிலும் குலப்பெருமையிலும் ஓடுகின்றது.

இவ்வேரைத் தொட்ட படமும் தமிழில் உண்டு. பாலாஜி சக்திவேலின் 'காதல்' 2004இல் வெளிவந்தது. மதுரைப் பாடசாலை மாணவி ஐஸ்வர்யாவும் பட்டறைத் தொழிலாளி முருகனும் ஊரைவிட்டு ஓடுகின்றனர். பெண்ணின் உறவினர் அவர்களைப் பிரிக்கின்றனர். முருகன் அடித்து நொறுக்கப்படுகிறான். ஆண்டுகள் கழித்து, கணவனோடும் குழந்தையோடும் செல்லும் ஐஸ்வர்யா, சித்தம் சிதைந்து தெருவில் திரியும் அவனைக் காண்கிறாள். மனம் சிதைவதற்குச் சமூகத்தின் வன்முறை காரணமாதல் கூடும் என்பதை இத்துணை நேராகக் கூறிய படங்கள் சிலவே. யதார்த்த நெறிக்கு அது பெருமை சேர்த்தது. இறுதியில் முருகனைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்பவன் அவளது கணவன். அம்மனிதனின் பெருந்தன்மை நெஞ்சைத் தொடுகின்றது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பராமரிப்பு தொடங்குமிடத்திற் படம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்வரும் மாதங்களே, மருந்தும் மறுப்பும் சிறுசிறு தேறுதல்களும் நிறைந்த அந்த நெடிய காலமே, எழுதப்படாத கதை.

அந்நெடிய காலத்தைத் திரையிற் காட்ட முயன்றவர் மட்டக்களப்பிற் பிறந்த பாலுமகேந்திரா. 1982இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை'யில் நினைவிழந்து குழந்தை மனத்தளாகிய இளம்பெண்ணை ஓர் ஆசிரியன் பேணுகிறான். சோறூட்டுவதும் தேற்றுவதும் சினந்து பின் வருந்துவதும் அன்றாட நிகழ்ச்சிகளாகப் பதிவாகியுள்ளன. எனினும், பெற்றோர் அவளைத் தேடிக்கொண்டிருக்க, அவன் அவளோடு தனித்தே வாழ்கிறான். இறுதியில் நாட்டு வைத்தியம் ஒரே நாளில் அவளைத் தேற்றிவிடுகின்றது. அவள் அவனை மறந்து செல்கிறாள். பேணியவனே சிதைந்து நிற்கிறான். புகைவண்டி நிலையத்து இறுதிக் காட்சியை எவரும் எளிதில் மறப்பதற்கில்லை. ஆனால் அது நமக்கு உணர்த்துவது யாது? பேணுபவனுக்கு ஒருவரும் துணையில்லை. அவன் அழிவதே அவன் அன்புக்குச் சான்று. என் மாணவனின் இரவுகளும் இவ்வாறே கழிந்தன.

மூன்று படங்களையும் ஒருங்கே நோக்குமிடத்து, மூன்றிலும் ஒரு தனிமனிதனே பேணுபவனாக வருவதைக் காணலாம். காமத்துப்பாலை மட்டும் கற்ற கலை இவ்வாறுதான் அமையும். பொருட்பாலில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை அது புரட்டிப்பார்க்கவில்லை. அங்கே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து, உழைச்செல்வான். உழைச்செல்வான் என்பான் அருகிருந்து பேணுபவன். பரிமேலழகர் அவனுக்கும் நான்கு இயல்புகளை எண்ணுவார். நோயாளியிடத்து அன்பு அவற்றுள் ஒன்று. தூய்மையும், சொன்னதைச் சொன்னவாறே செய்யும் ஆற்றலும், அறிவும் ஏனைய மூன்று. கணக்கிட்டுப் பார்த்தால் அன்பு பதினாறில் ஒன்று. இது அன்பைச் சிறுமைப்படுத்துவதன்று. பதினாறு பங்குச் சுமையையும் அந்த ஒன்றின் தலையில் ஏற்றக்கூடாது என்னும் கருணையே இதில் உள்ளது.

பதினேழு வயதுக் காதலனுக்கு நாம் கற்பிக்கவேண்டிய செய்தி இதுவே. அவனுடைய அன்பு வேண்டும், மிகவும் வேண்டும். அவன் அருகிலிருக்கலாம், செவிமடுக்கலாம், சிகிச்சைக்குச் செல்லும் நாளில் வழித்துணையாகலாம். அவன் வைத்தியனாக முடியாது. இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலாளியாகவும் முடியாது. உயிருக்கு ஆபத்தென்று தோன்றுமாயின், கொடுத்த வாக்கைப் பார்க்கிலும் உயிர் பெரிது. சொன்னாற் பொலிசு வரும் என்னும் பழைய அச்சத்திற்கும் இடமில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டம் இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. வாழ்நாளில் வரும் மனநோய்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை 25 வயதுக்கு முன்னரே தலைகாட்டுகின்றன என்பதையும் ஆசிரியராகிய நாம் மனங்கொள்ளல் வேண்டும். நோய் முதலில் வந்து நிற்பது நம் வகுப்பறையில். அதனை முதலில் அறிபவன் பெரும்பாலும் இன்னொரு மாணவன். அவன் வந்து சொல்வதற்கு ஒரு செவிலித்தாய் வேண்டாமா? காதலித்த குற்றத்திற்கே தண்டனை காத்திருக்கும் பாடசாலையில் யார் அறத்தொடு நிற்பார்? தோழியின் துணிவைப் பாராட்டும் நாம், அவள் சொன்னதைக் கேட்டிருந்த செவிலியின் பொறுமையையும் கற்றாக வேண்டும்.

அப்பெண் இன்று உயிரோடிருக்கிறாள். ஓராண்டு பிந்திப் பரீட்சை எழுதினாள். மாதந்தோறும் சிகிச்சைக்குச் செல்கிறாள். அவளுடைய சின்னம்மா உடன் செல்கிறார். தான் சத்தியத்தை மீறியதாக முதலில் அவள் கோபித்து, இரு மாதம் பேசாதிருந்தாள் என்று அவன் கூறினான். பிறகு பேசினாள். அவர்கள் காதல் நிலைக்குமோ நிலையாதோ நானறியேன்; அது அவர்கள் பாடு. அவன் இரவில் உறங்குகிறான் என்பதை மட்டும் அறிவேன்.

இதிற் சாவில்லை, தியாகமில்லை, ஒரு சின்னம்மாவும் ஒரு மருந்துச் சீட்டும் இரு மாதக் கோபமுமே உண்டு. ஆயினும் நம் எழுத்தாளர் எழுதவேண்டிய கதை இங்கேதான் இருக்கின்றது. அதனை எழுதுவோர் நம்மிடையே தோன்றுவாராயின், எங்கோ ஓர் இருட்டறையில் தனியே விழித்திருக்கும் ஓர் இளைஞன், சொல்லுதலும் காதலின் கடமையே என்று அறிந்துகொள்வான்.