கோடும் அடைப்புக்குறியும்

கம்ப்யூட்டரில் சொற்களைத் தேட ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்றொரு குறியீட்டு முறை உண்டு. அமெரிக்கத் தர்க்க அறிஞர் க்ளேனி 1950களில் வகுத்த இலக்கணத்திலிருந்து வளர்ந்தது. கதை எழுதுகிறவன் ஆகையால், அதையும் ஒரு வசன நடையாகவே படித்துப் பார்த்தேன். சிக்கனம் என்றால் அப்படியொரு சிக்கனம்!

‘அல்லது’ என்பதற்கு ஒரு நிமிர்ந்த கோடு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டுக்கு எல்லை தெரியாது. ‘ராமன்|லட்சுமணன் வந்தான்’ என்று எழுதினால், ‘வந்தான்’ லட்சுமணனோடு போய்விடும். ராமன் என்ற பெயர் எங்கே தட்டுப்பட்டாலும் பொருந்திவிடும். அகப்பட்ட வரிகளை அழிக்கச் சொல்லியிருந்தாலோ, வராத ராமனும் தொலைந்தான்! ‘(ராமன்|லட்சுமணன்) வந்தான்’ என்று வேலி போட்ட பிறகே, இருவரில் எவன் வந்தாலும் சரி என்றாகிறது. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. ‘ராமனாவது லட்சுமணனாவது வந்தால்’ என்கிறோம். ‘ஆவது’ பெயருக்குப் பெயர் ஒட்டிக்கொண்டு எல்லை கட்டிவிடுகிறது.

என் குறை வேறு. பல கருவிகளில் இந்த அடைப்புக்குறி, சேர்த்துக் கட்டுவதோடு நில்லாமல், அகப்பட்டதை ஞாபகமும் வைத்துக்கொள்கிறது. ஒரு குறிக்கு இரண்டு உத்தியோகம்! கட்டினால் போதும், ஞாபகம் வேண்டாம் என்பவர்களுக்காக, 1994-இல் வந்த பெர்ல் 5 ‘(?:’ என்று தொடங்கும் வேலியைத் தந்தது. அழகில்லைதான், ஆனால் சொல்ல வந்ததை மட்டும் சொல்கிறது. நடைக்கு அது சின்னப் பெருமை அல்ல.