24 மரைகள்

பழைய போர்ஷே 911 வாங்கப் போகிறவரின் கண் முதலில் பெயின்ட்டின் மேல்தான் விழும். விழட்டும், அந்த உடலின் வளைவு அப்படி. ஆனால் அந்தக் காரை ஆற அமர ரசிக்க வேண்டுமென்றால் அதன் பழைய பில் கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார வேண்டும். யார் யார் அதைத் திறந்தார்கள், எதைக் கழற்றினார்கள், திரும்ப மூடும்போது எவ்வளவு மனசு வைத்து மூடினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் விற்ற 1976ஆம் வருஷத்து 911எஸ்ஸை எடுத்துக்கொள்கிறேன். ரிப்பேர் கதை என்று வந்தால் இதைவிடச் சுவையான கார் குறைவு. காற்றால் குளிரும் 2.7 லிட்டர் எஞ்சின், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும் ஆறு சிலிண்டர். எடை குறைய வேண்டுமென்று கிராங்க்கேஸை மெக்னீசியத்தில் வார்த்தார்கள். சிலிண்டரும் ஹெட்டும் அலுமினியம். அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் எஃகு. சிலிண்டருக்கு நான்கு என்று மொத்தம் 24. சூடேறும்போது அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும், ஸ்டட்டை வெளிப்பக்கம் இழுக்கும். அதைப் பற்றியிருக்கும் மெக்னீசிய மரைக்கோ அந்தச் சூட்டில் பிடிமானம் தளரும். ஒருநாள் மரையைப் பிய்த்துக்கொண்டு ஸ்டட் வந்துவிடும். ஹெட்டின் அடியில் புகை கசியும்.

இதில் அந்த வருஷத்து அமெரிக்கக் காருக்கு இரண்டு சங்கடம் கூடுதல். புகைக் கட்டுப்பாட்டுக்காகச் சில கார்களின் எக்ஸாஸ்ட்டில் மாட்டிய தெர்மல் ரியாக்டர், எரியாமல் வரும் பெட்ரோலை ஹெட்டின் பக்கத்திலேயே எரித்தது. 11 இறக்கை இருந்த ஃபேனுக்குப் பதில் 5 இறக்கை ஃபேன் வந்தது. சூடு ஏறியது, காற்று குறைந்தது.

இப்போது பில்லுக்கு வாருங்கள். ‘எஞ்சின் ஓவர்ஹால்’ என்று ஒற்றை வரியும் கீழே பெரிய தொகையும் இருந்தால் எனக்கு அதில் ருசியில்லை. எத்தனை எஃகு இன்சர்ட் என்று தேடுவேன். பிய்ந்துபோன மரையைப் பெரிதாகக் குடைந்து, அதில் எஃகு இன்சர்ட்டை இறக்கி, அதற்குள் ஸ்டட்டை முறுக்குவதுதான் முறையான வைத்தியம். இரண்டு ஸ்டட் பிய்ந்தது, இரண்டு இன்சர்ட் போட்டோம் என்றால் மிச்சம் 22 மரையும் அதே சூட்டைத் தின்ற மரைகள்தானே! 24க்கும் போட்டிருந்தால், ரியாக்டரைக் கழற்றி, 11 இறக்கை ஃபேனையும் மாட்டியிருந்தால், அந்த மெக்கானிக் கோளாறை மட்டும் சரிசெய்யவில்லை, கோளாறின் காரணத்தையும் தேடிப் போயிருக்கிறார். எத்தனை நேர்த்தியான வேலை! அப்படி ஒரு பில்லை வாசிக்கும்போது முகம் தெரியாத அந்த மனிதருக்கு எழுந்து கைகொடுக்கத் தோன்றுகிறது.

“எஞ்சினில் கையே வைக்கவில்லை சார்” என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். வேறு காருக்கு அது பெருமையாக இருக்கலாம். இந்த 2.7க்கு, திறந்து நன்றாக மூடியதற்குத்தான் நான் கூடுதல் விலை கொடுப்பேன்.

பில் சொல்வதை எஞ்சினிலும் பார்க்கலாம். 1984 மாடலாக வந்த கரேரா 3.2 எஞ்சினில், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தத்தையே துணையாக வைத்தார்கள். பழைய எஞ்சினுக்கும் அதை மாட்டலாம். மாட்டியிருந்தால் இருபக்கச் செயின் மூடிக்கும் மெல்லிய ஆயில் குழாய் போவது வெளியிலிருந்தே தெரியும். டென்ஷனர் தளர்ந்தால் செயின் தாவி, வால்வு பிஸ்டனில் முட்டி எஞ்சினே போய்விடும். அதை முன்கூட்டியே யோசித்துச் செலவழித்த ஒருவரின் கையில் கார் இருந்திருக்கிறது என்பதற்கு அந்தக் குழாய் சாட்சி.

உடம்புக்கு இவ்வளவு நேரம் வேண்டாம்; முன் பானெட்டைத் தூக்கினால் போதும். 911இன் முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது. வரிசையாக இருக்கும் போல்ட் தலைகளில் பெயின்ட் உடைந்து ஸ்பானர் தடம் இருந்தால் மட்கார்டு கழன்று வந்திருக்கிறது. உள்ளே ஃபாக்டரியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக ஓடும். டிங்கரிங் நடந்த இடத்தில் அது மழுங்கியிருக்கும், சில இடத்தில் காணாமலே போயிருக்கும். 1976 மாடலிலிருந்து போர்ஷே தகட்டின் இருபுறமும் துத்தநாகம் பூசியது. பிற்பாடு வெல்டிங் சூட்டில் அந்தப் பூச்சு எரிந்த இடத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்க ஒரு மூலை மட்டும் துருப்பிடித்திருந்தால், அங்கே அடிபட்டதா என்று தேதியோடு கேளுங்கள்.

பில் கட்டின் கடைசியில் நான் தேடுவது லீக்டவுன் டெஸ்ட் எழுதிய தாள். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை அடைத்து, எத்தனை சதவீதம் கசிகிறதென்று எழுதிய ஆறு எண்கள். ஆறும் குறைவாக, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். அந்தத் தாள் இல்லையென்றால் நம் மெக்கானிக்கை வைத்து அளக்க வேண்டும். அளக்க விடமாட்டேன் என்கிறவரிடம், ஓவர்ஹால் செலவு முழுவதையும் கழித்துத்தான் விலை கேட்பேன்.