திரும்பி வர வழிவிடும் பதிப்பு மாற்றம்

காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து வடக்கே போனால் வருகிற கொள்ளுப்பிட்டியில்தான் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அந்நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய நிரல்மொழி பலரினா. வலைச் சேவைகளை இணைப்பதில் அதற்குள்ள லாவகத்தைப் பலர் புகழ்வார்கள். அதைவிட ரசிக்கத்தக்கது, ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு அது நம்மைக் கொண்டுபோகும் விதம். 2019இல் வந்த 1.0க்கும், 2022 பெப்ரவரியில் வந்த ‘ஸ்வான் லேக்’ எனும் 2201க்கும் இடையில் மொழியே வெகுவாக மாறிவிட்டது. பழைய நிரல்கள் பல அப்படியே ஓடா. ஆனால் ‘டிஸ்ட்’ கட்டளையோடு ‘புல்’ சேர்த்தால் புதிய பதிப்பு இறங்குகிறது, பழையது அழிவதில்லை. ‘யூஸ்’ என்றால் பழையதற்கே திரும்பலாம். பலரினா ஜாவாவின் மேல் ஓடுவது. பின்வந்த பதிப்புகள் ஜாவா 11ஐ விட்டு 17க்கு நகர்ந்தபோதும், அந்தந்தப் பதிப்பு தனக்குரிய ஜாவாவைத் தானே தேடிக் கொண்டுவந்தது. பதிப்பை மாற்றித் தரும் கருவியைப் புதுப்பிப்பதற்கும் தனிக் கட்டளை உண்டு. மாற்றுவதையும் மாற்றப்படுவதையும் இப்படிப் பிரித்து வைத்ததில்தான் வடிவமைத்தவர்களின் நுட்பம் தெரிகிறது.

ஓடுகிற நிரலை ஏன் தொடவேண்டும் என்று கேட்கலாம். கைவிடப்பட்ட பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. காரணம் அதுவே போதும். பழையது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் யார் நகர்வார்கள் என்ற கேள்வி கனமானது. பைத்தன் மொழியின் 2ஐயும் 3ஐயும்கூட ஒரே கணினியில் வைத்திருக்க முடிந்தது; ஆனாலும் 2008 டிசம்பரில் 3.0 வந்த பின், 2க்கான ஆதரவு நிற்க 2020 ஜனவரி ஆயிற்று. அங்கே ஆட்களைத் தடுத்தது திரும்பும் வழியல்ல. தாண்டவேண்டிய தூரம் பெரிது. நம்பியிருந்த நிரல் நூலகங்களும் உடன் வரவில்லை. ஸ்வான் லேக்குக்குப் பிறகு பலரினா அத்தகைய இன்னொரு பாய்ச்சலைத் தவிர்த்து, அதே 2201இன் கீழ் சின்னச் சின்ன அடிகளாக நகர்கிறது. நூலகங்களின் துல்லியமான பதிப்பெண்களைத் தானாகவே ஒரு கோப்பில் குறித்தும் வைக்கிறது. அடி சிறிதாகவும் பின்வாங்க இடமும் இருந்தால் பயம் குறையும். பயம் குறைந்தவர்தான் புதியதைத் துணிந்து சோதிப்பார்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இன்று முதல் நிரலை எழுதத் தொடங்கும் மாணவர்களே, அது எந்தப் பதிப்பில் ஓடும் என்பதையும் அந்த நிரலோடேயே எழுதி வையுங்கள்.